வெங்காயம் ஏற்றிய ரேஸ் கார்

1

இந்த மாதத்தோடு நான் சென்னைக்கு வந்து முப்பது வருடம் முடிகிறது. ஒருவரும் மாலை போடவில்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கிற பழைய கூட்டாளிகள் நீங்கள் எப்போதாவது "உங்கே என்ன மாதிரி?" என்று கேட்பீர்கள். "பிழையில்லை" என்று எழுதிவிட்டு இருந்துவிடுவேன். அது பொய். இந்த முறை கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அடையாறில் ஒரு கிளப்பின் புல்வெளியில் நடந்ததை யாருக்காவது சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். சொல்வதற்கு இங்கே ஆளில்லை.

விஷயம் ஒரு கார். மந்தைவெளியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் கார் ஷெட்டில், நான்கு வருடம் மினக்கெட்டு, ஒரு பழைய ஆங்கிலேய ரேஸ் காரின் நகலைச் செய்தேன். ஐம்பதுகளில் செய்த கார். இரண்டு பேர் இருக்கலாம், கூரை இல்லை, கதவு இல்லை. கம்பெனியின் பெயரை எழுதமாட்டேன், ஏன் என்று போகப்போகத் தெரியும். நகல் என்று எல்லாருக்கும் சொல்லித்தான் செய்தேன். யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை.

போன தை மாதம் வீட்டுக்காரர் படியிறங்கி வந்து ஷெட் வாசலில் நின்றார். "ஆத்தை பில்டர்ட்ட குடுத்துட்டோம். ஃப்ளாட் வரப்போறது. பங்குனிக்குள்ள காலி பண்ணிக் குடுத்துடுங்கோ" என்றார். நல்ல மனிதர்தான். அமெரிக்காவில் இருக்கிற பிள்ளைகள் சொல்வதைத் திருப்பிச் சொல்வதற்கென்று இங்கே குடியிருக்கிறார்.

மனுசி, மகள், நான் என்று எங்கள் மூன்று பேருக்கும் எங்கேயாவது இரண்டு அறை கிடைக்கும். காருக்குக் கிடைக்காது. மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் பார்க்கிங்குக்காக மனிதர்கள் அடித்துக்கொள்கிறார்கள், பதிவு நம்பர் இல்லாத காரை எங்கே விடுவது? ஷெட் போனால் கார் பழைய இரும்பு. ஆக இரண்டரை மாதத்தில் ஒன்று தெரிய வேண்டியிருந்தது. அது காராக இருக்குமா, இருந்தால் யாருடைய காராக இருக்கும்.

2

மூலக் காரை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். மானிப்பாயில் நான் வேலை செய்த கராஜின் பின்பக்கம் நின்றது. மலைநாட்டில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரன் கொண்டுவந்து மலைப்பாதைப் பந்தயங்களில் ஓட்டினது. பிறகு ஒரு டாக்டர் வாங்கினார், அவர் லண்டனுக்குப் போகும்போது எங்கள் முதலாளியின் தலையில் கட்டிவிட்டுப் போனார்.

நான் அங்கே சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. யுத்தம், அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடைக் காலம். பெட்ரோல் மருந்துக்குத்தான் கிடைக்கும். அதை நான் விளக்கத் தேவையில்லை, ஆனால் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். எஞ்சினுக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு ஏற்றுகிற ஒரு சேலைன் போத்தலைக் கட்டி, அதில் கொஞ்சம் பெட்ரோல் விட்டு, சொட்டுச் சொட்டாகக் கார்புரேட்டருக்குள் இறக்கி ஸ்டார்ட் பண்ணுவோம். சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். ஊர் முழுக்க வெள்ளைப் புகை.

அந்த ரேஸ் காரும் அப்படித்தான் ஓடியது. பக்கத்து சீட்டைக் கழற்றிவிட்டு சுன்னாகம் சந்தையிலிருந்து வெங்காய மூட்டை ஏற்றினோம். ஒரு மூட்டை அளவாக உட்காரும். உலகத்திலேயே வெங்காயம் ஏற்றிய ரேஸ் கார் அது ஒன்றாகத்தான் இருக்கும். அதை நான் நான்கு வருடம் ஓட்டினேன். எல்லாரும் இடம்பெயர்ந்தபோது அதைக் கராஜிலேயே விட்டுவிட்டு நடந்தேன். பிறகு உங்களில் யாரோ இரும்புக்கு வெட்டி விற்றதாகக் கேள்விப்பட்டேன். யார் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுதவில்லை. ஊரைப் பற்றி உருகி உருகிப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு முதலில் அந்த வெட்டின ஆள்தான் ஞாபகம் வருவான்.

3

காரைச் செய்தது இரண்டு பேர். இரும்பு வேலை நான். தகட்டு வேலை பாஷா பாய். சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு சந்துக்குள் அவருடைய பட்டறை. இந்த ஊரில் நான் மதிக்கிற ஒரே ஆள், அதுவும் அவர் வாயைத் திறக்காத நேரத்தில்.

முதல் நாள் நான் வரைந்த படத்தைக் காட்டியபோது தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா நைனா இது, சுறாவா?"

"கார் பாய்."

"கதவு எங்க கீது?"

"கதவு இல்லை. ஏறிக் குதிக்கவேணும்."

"கூரையும் இல்ல, கதவும் இல்ல. உங்க சிலோன்ல துட்டு குடுத்து அரை வண்டிதான் வாங்குவாங்களா?"

ஆனால் அலுமினியத் தகட்டை மணல் மூட்டையில் வைத்து மரச்சுத்தியலால் அவர் தட்டுகிறதைப் பார்க்க வேண்டும். அளவு நாடா எடுக்கமாட்டார். உள்ளங்கையைத் தகட்டின்மேல் ஓட்டி, "இங்க கொஞ்சம் அழுவுது" என்று சொல்லி இன்னும் நான்கு தட்டு. எஞ்சின் ஒரு பழைய அம்பாசடருடையது. மூலக் காரின் எஞ்சினுக்கு அது பங்காளி முறை, வடிவாகப் பொருந்தியது. சட்டத்துக்கு இரும்புக் குழாய் வெட்டி நானே வெல்டிங் செய்து ஒட்டினேன். கையில் மூலக் காரின் ஒரு போட்டோவும் இல்லை, என் ஞாபகம் மட்டும்தான்.

பானெட்டின் இடது பக்கத்தில் ஒரு வீக்கம் உண்டு. பெரிய பனங்காயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த அளவு. அதைத் தட்டி எடுக்க மட்டும் பாய்க்கு மூன்று தகடு வீணாகிப் போனது.

"இது இன்னாத்துக்கு அண்ணாத்த? வண்டிக்கு ஒரு பக்கம் மட்டும் கன்னம் வீங்கிக்கினு. பல்லு வலியா?"

"கம்பெனி அப்பிடித்தான் செய்திருக்கு. கேள்வி கேக்காமல் தட்டுங்கோ."

தட்டினார்.

4

நம்பர் வாங்கலாம் என்று ஒரு போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்பது முக்கியமில்லை, எல்லாம் ஒரே முகம். கவுண்டரில் இருந்தவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"என்ன வண்டி?"

"கார்."

"எந்த ஷோரூம்?"

"ஷோரூம் இல்லை. நான் செய்தது."

"ஆல்டரேஷனா?"

"இல்லை. முழுக்க நான் செய்தது."

"அதான் சார் கேக்கறேன், மேனுஃபேக்சரர் யாரு?"

"நான்தான்."

அப்போதுதான் நிமிர்ந்தார். "கம்பெனி லெட்டர் வேணும் சார்."

"கம்பெனி இல்லை. நான் ஒரு ஆள்."

"ஆள் கார் செய்ய முடியாது சார். கம்பெனிதான் செய்யும்."

செய்து ஷெட்டில் நிற்கிறது என்றேன். அது நின்றாலும் செய்யப்படவில்லை என்ற மாதிரி பார்த்தார். அடையாளத்துக்கு என்ன இருக்கிறது என்று கேட்டார். வெளிநாட்டவர் என்று ஒவ்வொரு வருடமும் வரிசையில் நின்று புதுப்பிக்கிற தங்குமிட அனுமதித் தாளைக் கொடுத்தேன். அதை வாசித்ததும் முகம் மலர்ந்தது.

"அட, நீங்க சிலோனா? அதான பாத்தேன். உங்க தமிழ் கேக்க அப்படியே தேன் மாதிரி இருக்கு சார். இன்னும் ஏதாவது பேசுங்களேன்."

"எனக்கு நம்பர் வேணும்."

"அது மட்டும் முடியாது."

முப்பது வருடமாக இந்த ஊர் எனக்குச் சொல்வது இதைத்தான். தமிழ் தேன். வீடு கேட்டால் "நாங்க சிலோன்காரங்களுக்கு விடறதில்ல." தேனை வைத்துக்கொண்டு நான் நக்கவா?

5

பங்குனி பிறந்தபோது அண்ணாச்சி வந்தார். தி. நகரில் துணிக்கடை வைத்திருக்கிறவர், தெற்குச் சீமைக்காரர். கடற்கரைப் பக்கம் ஒரு ஷெட்டில் பழைய கார்களை ஏசி போட்டு வைத்திருக்கிறார். அவற்றில் ஒன்றின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றச் சொன்னால் அண்ணாச்சி கடைப்பையனைக் கூப்பிடுவார். பாய் மூலம் கேள்விப்பட்டு வந்திருந்தார். காரைச் சுற்றி மூன்று முறை நடந்தார். கோவிலில் கூட அவர் அப்படிச் சுற்றியிருக்கமாட்டார்.

"வே, எங்கிட்ட ஒரு ஆர்.சி. புக்கு கெடக்கு. இதே கம்பெனி, இதே மாடல். கப்பல்ல மெட்ராசுக்கு வந்த வண்டி. வண்டி எப்பவோ காணாமப் போச்சு, புக்கு மட்டும் இருக்கு. உம்மகிட்ட வண்டி இருக்கு, புக்கு இல்ல. என்ன சொல்லுதீரு?"

அவர் சொன்னது விளங்குவதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அந்தப் புத்தகத்தில் இருக்கிற சேசிஸ் நம்பரை என் சட்டத்தில் நான் பதிக்க வேண்டும். பதித்தால் இது நகல் இல்லை, மூலம். எஞ்சின் வேறே என்றால், இறக்குமதித் தடைக் காலத்தில் எல்லாரும் மாற்றினதுதானே என்று சொல்லிக்கொள்ளலாம். கார் அவருடைய ஷெட்டில் பத்திரமாக நிற்கும். நான் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், வேலை செய்யலாம்.

"அது கள்ள வேலை அண்ணாச்சி" என்றேன்.

"எது கள்ளம்? நீரு செஞ்சது நல்ல வண்டிதானே? நல்ல வண்டிக்கு ஒரு பேரு குடுக்கோம். அம்புட்டுதான்."

மாட்டேன் என்று அனுப்பினேன். அவர் போகவில்லை. அடுத்த கிழமை பெங்களூரிலிருந்து ஒரு நிபுணரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வெள்ளைக் கையுறை போட்ட நிபுணர். காரைத் தொடுவதற்கு முன் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார், பிரேதப் பரிசோதனைக்கு வந்தவர் மாதிரி. ஆனால் ஆளுக்கு விஷயம் தெரியும். அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

"சேசிஸ் சூப்பர். பாடி சூப்பர். இது என்னங்க, இந்த பல்ஜ்?" என்று வீக்கத்தில் விரலை வைத்தார்.

"கம்பெனி செய்தது."

"எந்தக் கம்பெனி கார்லயும் இது கிடையாதுங்க. கார்புரேட்டர் இவ்ளோ உயரமே வராது. எதுக்கு மாடி கட்டியிருக்கீங்க? உள்ள என்ன வெச்சிருந்தாங்க?"

ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த இடத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். நான்கு வருடம் ஒவ்வொரு காலையும் பானெட்டைத் திறந்து என் கையால் பெட்ரோல் விட்டிருக்கிறேன். சேலைன் போத்தல்.

போத்தல் நிமிர்ந்து நிற்க இடம் வேண்டும் என்று எங்கள் முதலாளி தட்டின வீக்கம் அது. நான் சேர்வதற்கு முன்பே தட்டியிருக்கிறார். வெள்ளைக்காரன் செய்த காரில் எங்கள் போத்தலுக்கு ஏற்ற மாதிரி ஒரு வீக்கம் எப்படி வந்தது என்று அந்த நான்கு வருடத்தில் ஒரு நாளாவது நான் யோசிக்கவில்லை. இங்கே வந்து, மூன்று தகட்டை வீணாக்கி, அதை அச்சு அசலாக எடுத்திருக்கிறேன். இவ்வளவு மொக்கனாக ஒரு மெக்கானிக் இருக்கலாமா? நான் செய்தது இங்கிலாந்துக் காரின் நகல் இல்லை, மானிப்பாய்க் காரின் நகல்.

நிபுணர் கையுறையைக் கழற்றினார். அண்ணாச்சி சொன்னார்: "வீக்கத்த அமுக்கிரும். நம்பரப் பதிச்சிரும். வேற பேச்சு வேண்டாம்."

6

வீட்டில் சொன்னேன். மனுசி சட்டி கழுவிக்கொண்டே சொன்னாள்: "குடுக்காட்டி உந்தக் காரைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நீங்கள் றோட்டிலை இருங்கோ. நானும் பிள்ளையும் நங்கநல்லூரிலை வீடு பாத்திட்டம்."

மகள் அபிக்கு இருபத்தைந்து வயது. அடையாறில் ஒரு பல் கிளினிக்கில் வேலை. பிறந்தது மயிலாப்பூரில், ஆனால் அவளிடமும் என்னுடையது மாதிரி அனுமதித் தாள்தான். கூட வேலை செய்கிறவர்களிடம் சொந்த ஊர் திருச்சி என்று சொல்லி வைத்திருக்கிறாள். எங்கள் பேச்சை யாராவது கேட்டால், அப்பா அம்மா கொஞ்ச நாள் சிலோனில் இருந்தார்கள் என்பாளாம். நான் என் தகப்பனை வாழ்நாளில் ஒரு தடவை "நீ" என்று சொன்னதில்லை. இவள் எனக்கு "நீ" தவிர வேறு சொன்னதில்லை. இங்கே பிள்ளைகள் அப்படித்தான் சொல்கின்றன, அது பாசமாம். எனக்கு இன்னும் ஒவ்வொரு தடவையும் கன்னத்தில் தட்டின மாதிரி இருக்கும்.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டா, கோச்சுக்காத" என்றாள். "நான் எங்க பொறந்தேன்?"

"மயிலாப்பூரிலை."

"எனக்கு பாஸ்போர்ட் குடுப்பாங்களா?"

"இல்லை."

"உன் கார் எங்க பொறந்துச்சு?"

"மந்தைவெளியிலை."

"அதுக்குக் குடுக்கறாங்க. இங்கிலாந்துல பொறந்ததுன்னு. நீ வேணாங்கற. லூசாப்பா நீ?"

"அது பொய் நம்பர் பிள்ளை."

"எனக்கு ஒரு பொய் நம்பர் குடுத்தா நான் வாங்கிப்பேன்."

சொல்லிவிட்டு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். மதியம் அண்ணாச்சிக்கு ஃபோன் எடுத்துச் சரி என்றேன். அவள் சொன்னதற்கு ஒரு பதில் யாருக்காவது கிடைத்தால் எழுதுங்கள், ஆனால் கனடாவுக்குப் போய் பாஸ்போர்ட் எடுத்தவர்கள் எழுத வேண்டாம்.

பாய் வந்து வீக்கத்தை அமுக்கினார். அன்று அவர் பகிடி விடவில்லை. பானெட்டைக் கழற்றிக் கவிழ்த்துப் போட்டு, அடியில் இரும்புக் கட்டை கொடுத்து, காலை முழுக்கத் தட்டினார். இழுபட்ட அலுமினியத்தைச் சுருக்குவது எடுப்பதைவிடக் கஷ்டம். சூடு காட்டி, தண்ணீர்த் துணி போட்டு, திரும்பவும் தட்டி. முடிந்ததும் உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தார்.

"கன்னம் வத்திச்சு நைனா. இப்ப யார் மூஞ்சி மாதிரியும் கீது."

நம்பரை நான்தான் பதித்தேன். வேறொருவன் கையால் என் சட்டத்தில் அடி விழுவதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. எண் உளிகளைப் புதுப்பேட்டையில் தேடி வாங்கினேன், பழைய காலத்து வடிவம் வரவேண்டும் என்று. செய்கிற களவைச் சுத்தமாகச் செய்ய வேண்டுமே. ஒரு எண்ணுக்கு ஒரு அடி. முப்பத்தைந்து வருடம் பழகின கை, எல்லா எண்ணும் ஒரே கோட்டில் விழுந்தது. ஒன்றாவது கோணியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

7

போன ஞாயிறு அடையாறு கிளப்பில் பழைய கார்களின் கண்காட்சி. பந்தல், மோர், காதைக் கிழிக்கிற நாதஸ்வர ரெக்கார்ட். தொப்பி போட்டவர்கள் தங்களுக்குத் தெரியாத கார்களைப் பற்றித் தங்களைவிடத் தெரியாதவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்கள். என்னுடையது நடுவில் நின்றது. முன்னால் ஒரு பலகை. எந்த ஊரில் செய்தது, எந்தக் கப்பலில் வந்தது, யார் யார் கைக்கு மாறியது, எல்லாம் தங்க எழுத்தில் இருந்தது.

மயிலாப்பூர்ப் பெரியவர் ஒருவர் பலகையை மூக்கு முட்டும் அளவுக்குக் குனிந்து வாசித்தார். வேட்டியும் கோட்டும். நிமிர்ந்ததும் பக்கத்தில் நின்ற என்னிடம் சொன்னார்.

"இந்த வண்டியை நான் சின்ன வயசுல பாத்திருக்கேன், தெரியுமோ?"

"எங்கே?"

"மவுண்ட் ரோட்ல. ராயப்பேட்டையில ஒரு டாக்டர் வச்சிண்டிருந்தார். ஞாயித்துக்கிழமை காத்தால பீச் பக்கம் ஓட்டிண்டு போவார். நாங்கள்ளாம் பின்னாடியே ஓடுவோம். இதே பச்சை. இதே வண்டிதான்."

பச்சை நிறம் பாய் தேர்ந்தெடுத்தது. மிச்சமிருந்த பெயின்ட்.

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "ஐயா, இது நான் செய்தது. மந்தைவெளியிலை. போன மாசம்தான் பெயின்ட் அடிச்சது" என்றேன்.

பெரியவர் சிரித்தார். "நன்னா தமாஷ் பண்றேள். சிலோனோ? பேச்சுலயே தெரியறது. உங்களுக்கு இந்த ஊர் வண்டியெல்லாம் தெரிஞ்சிருக்க நியாயமில்லை. வாங்கோ, நான் காட்டறேன்."

என் முழங்கையைப் பிடித்துக் காரைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொன்றாகக் காட்டினார். பாதி பிழை. பானெட்டில் கையை வைத்துத் தடவி, "இந்த வழவழப்பைப் பாருங்கோ. வெள்ளைக்காரன் கை. இப்ப இருக்கறவாளுக்கு இது வருமோ?" என்றார். கையை அவர் வைத்திருந்தது வீக்கம் இருந்த இடத்தில்.

"வராது" என்றேன்.

அண்ணாச்சி விருந்தினர்களோடு வந்தார். பெரியவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு என்னைக் காட்டி, "நம்ம மெக்கானிக். வண்டியத் தொடச்சிப் பாத்துக்கிடுதவரு" என்றார்.

"அப்படியா? பத்திரமாப் பாத்துக்கோங்கோ" என்றார் பெரியவர். "திரும்பக் கிடைக்காத வண்டி."

பார்த்துக்கொள்கிறேன். செவ்வாயும் வெள்ளியும் நங்கநல்லூரிலிருந்து பஸ் ஏறி அண்ணாச்சியின் ஷெட்டுக்குப் போகிறேன். வாசலில் இருக்கிற காவலாளிக்கு என்னைத் தெரியும், என்றாலும் ஒவ்வொரு தடவையும் பதிவுக் கொப்பியில் எழுதிவிட்டுத்தான் உள்ளே போகலாம். பெயர், வந்த நேரம், எங்கிருந்து வருகிறீர்கள், யாரைப் பார்க்க. "யாரைப் பார்க்க" என்ற அந்தக் கடைசிப் பெட்டிக்குள் நான் பதித்த சேசிஸ் நம்பரை எழுதுகிறேன். இதுவரை ஒருவனும் என்னவென்று கேட்கவில்லை.